தேடினால் வராத பக்கம்

ஹட்டன்
2024 பெப்ரவரி 4

அன்புத் தம்பி கோகுலராஜுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பனியோடு கூடி, பனியோடு குறைகிறது. அத்தான் சாடையான இருமலோடு கடையில் இருக்கிறார்.

போனில் கேட்காமல் ஏன் ஈமெயில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய். எழுதிக் கேட்டால் பதிலும் எழுத்தில் நிற்கும்.

பொங்கலுக்கு வந்தபோது கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்துவிட்டு, "கட்டுரை போட்டுக்கிட்டே இருங்க, ஆளுங்க தானா வருவாங்க" என்று சொல்லி டோஹாவுக்குப் பறந்துவிட்டாய். ஐந்து கட்டுரை போட்டுவிட்டேன். நான் தமிழில் எழுத, அத்தான் சிங்களத்தில் எழுத, உன் மருமகள் நிலக்ஷி இங்கிலீசில் எழுதினாள். மூன்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒரே பக்கத்தில் போட்டோம். ஒருவரும் வரவில்லை. கூகுளில் தேடினால் எதிர்க்கடைதான் முதலில் வருகிறது. அவன் விற்கும் தேயிலைத் தூளை நீயும் குடித்திருக்கிறாய்.

அடுத்ததாக சர்மிளாவைப் பற்றி எழுதப் போகிறேன். மேல்மாடியில் தேயிலைப் பொதி கட்டுகிறாளே, கொத்மலைக்காரி, போன வருஷம் சேர்ந்தவள். புருஷன் செத்துப்போனான் என்று சொல்லி வேலை கேட்டு வந்தாள். அவள் கையில் அள்ளினால் தராசே வேண்டாம். என்ன செய்தால் ஆட்கள் வருவார்கள் என்று விளக்கமாக எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன் அக்கா
யோகேஸ்வரி

*

டோஹா
2024 பெப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவை ஈரத்தில் நடக்க விடாதீர்கள். அத்தானின் இருமலுக்கு டாக்டரிடம் காட்டுங்கள், கடை ஓடிப்போகாது.

கீரிச் சம்பாவையும் நாட்டரிசியையும் பச்சரிசியையும் ஒரே மூட்டையில் கொட்டி விற்பீர்களா? நீங்கள் செய்திருப்பது அதுதான். மூன்று மொழியும் ஒரே பக்கத்தில் கிடந்தால் அது யாருக்கான பக்கம் என்று கூகுளுக்குப் பிடிபடாது. தமிழுக்கு ஒரு விலாசம், சிங்களத்துக்கு ஒன்று, இங்கிலீசுக்கு ஒன்று என்று பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும், இதே விஷயம் மற்ற இரண்டு மொழியில் எங்கே இருக்கிறது என்று இணைத்துவிட வேண்டும். அந்த வேலையை நான் செய்கிறேன்.

தலைப்பை அப்படியே மொழிபெயர்க்காதீர்கள். அந்தந்த மொழிக்காரர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவாரோ அந்தச் சொல் தலைப்பில் இருக்க வேண்டும். ஆளைப் பற்றிய கட்டுரை என்றால் ஆளின் பெயர், ஊர், நல்ல படம். சர்மிளா பற்றிய யோசனை எல்லாவற்றிலும் நல்லது. 'கொத்மலை சர்மிளாவின் கைப்பக்குவம்' என்று வையுங்கள். பெயரும் ஊரும் சேர்ந்தால் உடனே மேலே வரும்.

தளத்தில் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் வருவதெல்லாம் எனக்குத்தான் வரும். பார்த்து உங்களுக்கு அனுப்புகிறேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

தம்பி
கோகுலராஜ்

*

ஹட்டன்
2024 மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அத்தானுக்கு மருந்து கேட்டுவிட்டது.

நீ சொன்னபடி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டோம். நுவரெலியா பார்க்க ரயிலில் வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று நானுஓயாவில் இறங்காமல், நம் பக்கத்தைப் பார்த்து ஹட்டனிலேயே இறங்கிக் கடைக்கு வந்துவிட்டது. அத்தானுக்கு அன்று முழுக்க வாய் மூடவில்லை.

சர்மிளாவின் கட்டுரையும் மூன்று மொழியிலும் போட்டாயிற்று. படம் எடுக்கத்தான் படாத பாடு. "வேணாங்கா, நான் என்ன பெரிய ஆளா? கைய மட்டும் எடுங்க" என்றாள். கையை மட்டும் பார்க்க யார் வருவார்கள்? "சும்மா நில்லு புள்ள, வெக்கப்படாத" என்று நானே தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் நிறுத்தினேன். நிலக்ஷி எடுத்தாள். லட்சணமாக விழுந்திருக்கிறாள்.

ஒன்று விட்டுப்போனது. பெண் பார்க்கும் விஷயமாக அம்மா மறுபடி கேட்கிறாள். வட்டகொடையில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. பதில் போடு.

அக்கா
யோகேஸ்வரி

*

டோஹா
2024 ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வேலை கொஞ்சம் அதிகம், அதனால் தாமதம்.

கட்டுரைகள் நன்றாக இருக்கின்றன. சர்மிளாவின் பக்கத்தை நானே ஒழுங்குபடுத்திவிட்டேன். அதை நீங்கள் தொட வேண்டாம். அந்தப் படத்தை வேறெங்கும் போடாதீர்கள், பேஸ்புக்கிலும் வேண்டாம்.

வட்டகொடை விஷயம் இப்போது வேண்டாம் அக்கா. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். புதுவருஷத்துக்கு என் வாழ்த்துகள்.

கோகுலராஜ்

*

ஹட்டன்
2024 ஏப்ரல் 21

தம்பி கோகுலராஜுக்கு,

வருஷப் பிறப்பு நன்றாகவே போனது. அம்மா கோயிலுக்கு நடந்தே போய் வந்தாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒரு சந்தேகம். நேற்று கடையில் ஆள் குறைவு. சும்மா இருக்காமல் நம் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். பால் இல்லாத சாயத்தண்ணி ஊற்றும் முறை வருகிறது. தூள் வகைகள் வருகின்றன. பழைய கட்டுரை ஐந்தும் வருகின்றன. சர்மிளாவின் பக்கம் மட்டும் வரவில்லை. பெயரைப் போட்டேன், ஊரைப் போட்டேன், இரண்டையும் சேர்த்துப் போட்டேன். தமிழில் இல்லை. சிங்களத்தில் அத்தானைத் தேடச் சொன்னேன், இல்லை. இங்கிலீசிலும் இல்லை. நம் தளத்துக்குள் போய்ப் பார்த்தால் பக்கம் பத்திரமாக இருக்கிறது. வெளியிலிருந்து தேடுகிறவனுக்குத்தான் அது இல்லை.

உடனே மேலே வரும் என்று சொன்னவன் நீ. தொடாதே என்று சொன்னவனும் நீ.

இன்னொன்று. போன வாரம் சர்மிளா என்னிடம், "வெப்சைட்ட டோஹா தம்பி மட்டுந்தான் பாக்குறாராக்கா? வேற யாரும் தொட மாட்டாங்களா?" என்று கேட்டாள். பொதி கட்டுகிறவளுக்கு அது எதற்கு?

அக்கா

*

டோஹா
2024 மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஒரே விஷயம் மூன்று மொழியில் இருக்கும்போது எதைக் காட்டுவது என்று சில நேரம் கூகுள் குழம்பும். எல்லாப் பக்கத்தையும் அது சேர்த்துக்கொள்ளும் என்றும் இல்லை. சில பக்கத்துக்கு மாதக் கணக்கில் ஆகும். ஒரு பக்கம் வராததால் கடைக்கு நட்டமில்லை. மற்ற ஐந்தும் நன்றாக ஓடுகின்றனவே. புதிதாக எழுதுங்கள். வாசனைச் சாமான் பற்றி எழுதலாம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கோகுலராஜ்

*

ஹட்டன்
2024 ஜூன் 11

கோகுலராஜுக்கு,

இங்கே மழை விடாமல் பெய்கிறது. எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இரு.

உன் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். மற்ற ஐந்தும் மூன்று மொழியில்தானே இருக்கின்றன? அவற்றில் குழம்பாத கூகுள் இந்த ஒன்றில் மட்டும் ஏன் குழம்புகிறது? முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவளிடம் நீ எடை குறைத்துக் கட்டுகிறாய்.

போன மாதக் கடைசியில் சர்மிளா போனை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். வெளிச்சம் வந்தது. பார்த்தது தப்புத்தான், பார்த்துவிட்டேன். உன் பெயர். 'கவலைப்படாதீங்க, அக்காகிட்ட சொல்ல மாட்டேன்' என்று இருந்தது.

வட்டகொடைப் பெண் வேண்டாம் என்றது ஏன், அவள் படத்தை யாரும் பார்க்கக் கூடாது என்றது ஏன் என்று எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டது. புருஷனை இழந்தவள் என்பதற்காக நான் ஒன்றும் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் என் கூரையின்கீழ், எனக்குத் தெரியாமல், நீங்கள் இரண்டு பேரும் என்னை முட்டாளாக்கியதைத்தான் தாங்க முடியவில்லை.

நேற்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நிரோஷனைக் கூப்பிட்டேன். அவன் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். "அக்கா, இந்தப் பக்கத்த தேடல்ல காட்டாதன்னு உள்ள ஒரு வரி இருக்கு. மூணு மொழியிலயும் இருக்கு. இது தானா வராது. யாரோ வேணும்னே போட்டிருக்காங்க."

அந்த யாரோ யார் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வரியை எடுக்கச் சொன்னேன். தலைப்புகளைச் சரிசெய்து, படத்துக்கும் பெயர் ஊர் எல்லாம் எழுதி, மூன்று பக்கத்தையும் கூகுளுக்கு அறிவித்தும் விட்டான். பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன். இனி நீ உள்ளே போக முடியாது.

யோகேஸ்வரி

*

டோஹா
2024 ஜூன் 12

அக்கா,

நீங்கள் நினைப்பது இல்லை. அம்மாமேல் சத்தியமாக இல்லை.

அந்த வரியைத் திரும்பப் போடச் சொல்லுங்கள், இன்றைக்கே. காரணம் கேட்காதீர்கள். ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சர்மிளாவை ஏசாதீர்கள், அவளிடம் எதையும் கேட்கவும் வேண்டாம். நீங்கள் சந்தேகப்படுவது தெரிந்தால் வேலையை விட்டு ஓடிவிடுவாள். அவளுக்குப் போக வேறு இடமில்லை. பாஸ்வேர்டைத் தந்தால் நானே செய்கிறேன்.

நான்கு முறை போன் எடுத்தேன். நீங்கள் தூக்கவில்லை. தயவுசெய்து அக்கா.

கோகுலராஜ்

*

ஹட்டன்
2024 ஜூலை 3

கோகுலராஜுக்கு,

எல்லோரும் சுகம். மூன்று வாரம் பதில் போடாமல் இருந்தேன். நீயும் எனக்கு அப்படித்தானே செய்தாய்?

காரணம் சொல்ல முடியாத காரியத்தை நான் செய்வதில்லை. சர்மிளாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீ சொன்னதற்காக அல்ல, அவளோடு பேசவே மனசில்லை. முகத்தைப் பார்க்காமல் வேலையை மட்டும் சொல்கிறேன்.

நிரோஷன் செய்த வேலையைப் பார். இப்போது சர்மிளா, ஹட்டன் என்று இரண்டு சொல் போட்டால் போதும், மூன்று மொழியிலும் நம் பக்கம்தான் முதலில். படத்தோடு வருகிறது. நீ ஒளித்து வைத்ததற்குப் பலன் என்ன என்று இன்றைக்கே தெரிந்துவிட்டது. மாத்தளையிலிருந்து ஒருவர் கடைக்குப் போன் எடுத்தார். பெயர் சுமன். அங்கே தேயிலைக் கடை போடப் போகிறாராம், மொத்தமாக எடுப்பாராம். என்ன மரியாதையான பேச்சு! "கட்டுரைய வாசிச்சேங்க. அந்தப் புள்ள கையால கட்டுன பொதிதான் வேணும். அவங்க இப்பவும் உங்ககிட்டத்தான் இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறாள், தினம் எட்டு மணியிலிருந்து அஞ்சு மணிவரைக்கும் மேல்மாடியில்தான் இருப்பாள் என்று சொன்னேன். சனிக்கிழமை நேரில் வருகிறாராம்.

உன் ரகசியத்தை நீயே வைத்துக்கொள்.

யோகேஸ்வரி

*

டோஹா
2024 ஜூலை 3

அக்கா,

சர்மிளாவின் புருஷன் பெயர்தான் சுமன். அவன் சாகவில்லை. மாத்தளையில் இருக்கிறான்.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன். அத்தானுடையதும் போகவில்லை. இதை வாசித்தவுடன் அவளை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். தனியாக வெளியே விடாதீர்கள்.

மார்ச் கடைசியில் தளத்தில் இருக்கும் பெட்டியில் ஒரு செய்தி வந்தது. தமிழை இங்கிலீஸ் எழுத்தில் எழுதியிருந்தாள். 'சேர் நான் பொதி கட்டுற சர்மிளா. என் படத்த எடுத்துருங்க. என் புருஷன் என்னைத் தேடுறான். போன தடவ பிடிச்சப்ப சுவத்துல தலைய மோதுனான். அக்காகிட்ட அவன் செத்துட்டான்னு பொய் சொல்லித்தான் வேலைக்குச் சேந்தேன். தெரிஞ்சா நிறுத்திருவாங்க. சொல்லிராதீங்க.' அவ்வளவுதான்.

படத்தை எடுத்தால் நீங்கள் ஏன் என்று கேட்பீர்கள். அதனால் பக்கத்தை வைத்துவிட்டு, தேடுகிறவனுக்குத் தெரியாமல் மறைத்தேன். பெயரையும் ஊரையும் தலைப்பில் போடச் சொன்னவனே நான்தான், அதையும் நினைத்துக்கொண்டேன். நீங்கள் வரியை எடுத்துவிட்டீர்கள் என்றதும் அவளுக்கு எழுதினேன், அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்று. மாதக் கடைசிவரை பொறுங்கள், வேறு இடம் பார்க்கிறேன் என்று கெஞ்சினாள். பொறுத்தேன். பொறுத்திருக்கக் கூடாது.

மூன்று மொழியிலும் பக்கத்தை இப்போதே அழிக்கச் சொல்லுங்கள். அழித்தாலும் தேடலில் படம் சில நாள் தெரியும். அதை நீக்க நான் இங்கிருந்து விண்ணப்பிக்கிறேன்.

கோகுலராஜ்

*

ஹட்டன்
2024 ஜூலை 21

அன்புத் தம்பி கோகுலராஜுக்கு,

அம்மாவும் அத்தானும் நிலக்ஷியும் சுகம். என் வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறேன். நிலக்ஷி அடித்துத் தருகிறேன் என்றாள். இதை நானே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். போனில் நீ பாதி கேட்டாய், மீதியைக் கேள்.

சுமன் போன் எடுத்த அன்று, உனக்கு எழுதிய பிறகு மழையில் கரண்ட் போய், போன் இரண்டும் செத்துக் கிடந்தன. கரண்ட் வந்து உன் கடிதத்தைப் பார்க்கும்போது மாலை ஏழு மணி. சர்மிளா தங்கியிருந்த அறைக்கு அத்தானும் நானும் போய் அவளைக் கூட்டி வந்தோம். காரணம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தேன். நிரோஷன் அன்றைக்கே பக்கத்தை அழித்துவிட்டான்.

மறுநாள் காலை என்னோடே கடைக்குக் கூட்டி வந்து, மேல்மாடியில் அவளை உட்கார வைத்துச் சொன்னேன். சுமன் போன் எடுத்ததையும், நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும். அவள் அழவில்லை. கையிலிருந்த பொதியை நூல் சுற்றி முடித்து, கத்தரித்து, அடுக்கில் வைத்தாள். பிறகுதான், "எனக்கு இடது காது கேக்காதுக்கா" என்றாள். ஒரு வருஷமாக, கூப்பிட்டால் திரும்பாதவள், திமிர் பிடித்தவள் என்று அவளை நான் ஏசியிருக்கிறேன் தம்பி.

அப்போதே கீழே குரல் கேட்டது. அவன் சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை.

நான் படியில் இறங்கி நடுவில் நின்றேன். நல்ல சட்டை போட்டு, தலை வாரி, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தான். கையில் இருந்த போனில் நம் பக்கம். அழிக்கும் முன்பே அதைப் படமாக எடுத்து வைத்திருந்தான்.

"என் பொண்டாட்டிய கூப்பிடுங்க."

"அப்படி யாரும் இங்க இல்ல. அவ வேலைய விட்டு நின்னுட்டா."

"நேத்துதானே அஞ்சு மணி வரைக்கும் மேல்மாடியில இருப்பான்னு சொன்னீங்க? உங்க கொரல்தானே அது?"

நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வழியை விடவில்லை. அத்தான் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்தார். உதறிவிட்டு ஏறினான். என்னைத் தள்ளினான். படியில் கை ஊன்றி விழுந்தேன். விழுந்த பிறகும் கைப்பிடிக் கம்பியை விடாமல் குறுக்கே கிடந்தேன். ஏற வேண்டுமென்றால் என்மேல் மிதித்துத்தான் ஏற வேண்டும். அதற்குள் எதிர்க்கடைக்காரர் ஓடி வந்தார். ஆமாம், அந்தத் தூள் விற்கிறவர்தான். அவரும் ஆட்டோக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனைக் கீழே இழுத்தார்கள். "இது எங்க குடும்ப விசயம்" என்று அவன் ரோட்டில் நின்று கத்தினான். "மொதல்ல அந்த அம்மா கைய ஒடச்சதுக்குப் பதில் சொல்லு" என்றார் அவர்.

பொலிசில் ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் சிங்களத்தில் சொன்னேன், சர்மிளா தமிழில் சொன்னாள், எல்லாம் சொன்னாள். அவனை உள்ளே வைத்து, கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவள் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது. ஆனால் பிணையில் வெளியே வந்துவிட்டான். உத்தரவு வெறும் காகிதம்தானே என்று, பெண்களுக்கு உதவும் ஒரு நிலையத்திலிருந்து வந்த ஒரு அம்மா சொன்னார். அவரே வேறொரு இடம் ஏற்பாடு செய்தார். ஊர் பெயரை என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் யாராவது நல்ல குரலில் கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் எங்கள் வீட்டில் இருந்த கடைசி நாள் ஒன்று கேட்டேன். "ஏண்டி, என்னைய வருசம் பூரா பக்கத்துலயே வச்சிக்கிட்டு, எங்கயோ இருக்குற என் தம்பிகிட்ட போயி எழுதுனியே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் யோசித்துச் சொன்னாள். "நீங்க நல்லவங்கதான்க்கா. ஆனா நீங்க எதையும் ரெண்டு தடவ கேப்பீங்க. மொத தடவ பதில் சொல்லலாம். ரெண்டாந் தடவ கேக்கும்போது, நான் பொய் சொல்றேன்னு முடிவு பண்ணிட்டுக் கேக்குற மாதிரி இருக்கும்."

உன்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. வாக்கைவிட உயிர் பெரிது. அதை நீ முன்னமே யோசித்திருக்க வேண்டும். என்மேல் இருக்கும் கோபம் உனக்கு எழுதித் தீராது. பாஸ்வேர்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கட்டுரை எழுதுவேன். ஆட்களின் படம் போட மாட்டேன், அவர்களே வந்து போடச் சொன்னால் ஒழிய.

இன்று காலை ஆறு மணிக்கு அவளை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். நல்ல பனி. அந்த நிலையத்து அம்மா முன்கூட்டியே வந்து காத்திருந்தார். சர்மிளா என் மாவுக்கட்டை ஒரு தரம் தொட்டுவிட்டு ஏறிவிட்டாள். பஸ்கள் வரிசையாக நின்றன. அவள் ஏறிய பஸ்ஸின் முன்பக்கம் போனால் எந்த ஊர் என்று போர்டில் தெரிந்துவிடும். என்ஜின் போடும் சத்தம் கேட்டது. நான் முன்பக்கம் போகவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு கடைப் பக்கம் நடந்தேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். எனக்குக் கை ஆறும்.

அக்கா
யோகேஸ்வரி